முளைக்காத கோரைத் தட்டுகள்: கண்மாய்க் கோரையை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஆகாயத்தாமரையை அகற்றிய பிறகு வெறுமையாகிவிட்ட கரையோரத்தில் நாட்டுக் கோரை வகைகளை நட விரும்பி, மாசியில் விதை சேகரித்து, ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு பசுமைக்குடிலில் முப்பது குழித்தட்டுகளில் அரை அங்குல ஆழத்தில் விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரம் கடந்தும் அங்கங்கே ஒன்றிரண்டு புல்லைத் தவிர எதுவும் தலைகாட்டவில்லை என்றும், கோளாறு விதையிலா குடிலிலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அழகர்கோயில் சாலையில் பதினோரு ஆண்டுகளாகச் சிறிய நர்சரி ஒன்றை நடத்திவருகிறேன்; அதில் ஏழு ஆண்டுகளாகக் கோரை வகைகளையும் விதை போட்டு வளர்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதையில் ஒரு பகுதி இன்னும் உயிரோடு அந்தத் தட்டுகளுக்குள்ளேயே கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கத்தரிக்கும் தக்காளிக்கும் செய்வதையே கோரைக்கும் செய்ததால் அது எழும்பவில்லை. குழி எடுத்து, விதையை இட்டு, மண்ணால் மூடி, பூவாளியால் மேலே நீர் தெளிப்பது காய்கறி விதையின் வழக்கம். கோரை விதையின் வழக்கத்தைக் கண்மாயின் உள்வாயில் போய்த்தான் பார்க்க வேண்டும். தை பிறந்து, மடை திறந்து, நீர் நாளுக்கு நாள் உள்வாங்கும்போது அது விட்டுச்செல்லும் சேற்று விளிம்பருகே குந்தி உட்கார்ந்து பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தச் சேற்றின் மேல் மயிரிழை போன்ற பச்சை முளைகள் ஆயிரக்கணக்கில் நிற்பது தெரியும். அவற்றின் மேல் மண் இல்லை, அடியில் ஈரம் வற்றவில்லை, தலைக்கு மேல் வெளிச்சம் தடையின்றி விழுகிறது. அந்த விளிம்பை ஒரு தட்டுக்குள் கொண்டுவருவதுதான் நம் வேலை. நான் இங்கே சொல்லப்போகும் எல்லாம் அதற்கான வழிகளே.

ஃபிரிட்ஜ் வைத்தியத்தை முதலில் விடுங்கள். கோரைக் குடும்பத்தில் கேரெக்ஸ் என்றொரு பெரிய பேரினம் உண்டு. குளிர்நாடுகளில் கோரை வளர்ப்பு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்தப் பேரினத்தைப் பற்றியது. அங்கே விதை இலையுதிர் காலத்தில் உதிர்ந்து, பனிக்காலம் முழுவதும் ஈரக் குளிரில் கிடந்து, வசந்தத்தில் முளைப்பதால், நர்சரிக்காரர்கள் அந்தப் பனிக்காலத்தைக் குளிர்பெட்டிக்குள் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். கேரெக்ஸ் நம் கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மதுரைச் சமவெளியின் கண்மாய்க் கோரைகள் பெரும்பாலும் சைப்பெரஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ், எலியோகாரிஸ், ஷீனோபிளெக்டஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை. அவற்றின் விதை உதிரும் காலத்தை அடுத்து வருவது பனி அல்ல, பங்குனி வெயில். வறண்ட வெக்கையில் சில மாதங்கள் கிடந்துதான் அவற்றின் உறக்கம் கலைகிறது. ஈர மணலில் குளிரவைத்தது அந்த உறக்கத்தைக் கலைக்க உதவியிருக்காது. விதையைக் கொன்றும் இருக்காது. நஷ்டமானது இரண்டு மாதக் காலம்தான்.

ஆழத்தின் கதை வேறு. கண்மாய்க் கோரைகளின் விதை, வகையைப் பொறுத்து, அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். கேழ்வரகு மணியை அருகே வைத்தால் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. அவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் மாவு, அரை அங்குல மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரப் போதாது. விதைக்கும் அது தெரியும் என்றே சொல்ல வேண்டும். இக்குடும்பத்தில் பெரும்பாலான விதைகள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். இருட்டில் ஈரம் எவ்வளவு இருந்தாலும் காத்துக் கிடக்கும். நாலைந்து வருடம் நிரம்பியே கிடந்த கண்மாய் ஒருமுறை வற்றியதும் அதன் வயிறு முழுக்கக் கோரையாய் எழும்புவதற்குக் காரணம், அத்தனை வருடமும் சேற்றுக்குள் காத்திருந்த விதைதான்.

வெளிச்சத்தோடு விதை இன்னொன்றையும் கவனிக்கிறது: பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. நீரின் அடியில் கிடக்கும் மண்ணில் இரவும் பகலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நீர் வடிந்து வெளிப்பட்ட சேற்றில் பகலில் சூடேறி இரவில் ஆறும். அந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் தன் மேல் நீரும் மண்ணும் இல்லை என்பது விதைக்கு உறுதியாகிறது. பகலில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ், இரவில் 20 முதல் 25 டிகிரி என்ற இடைவெளி நம் வகைகளுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. மதுரையில் ஆடி, ஆவணி மாதங்களில் நிழல்வலைக்குள் ஏறக்குறைய இதுதான் தானாகவே கிடைக்கும்.

இங்கேதான் பசுமைக்குடில் சிக்கலாகிறது. பாலித்தீன் போர்த்திய குடில் குளிர்நாட்டில் வெப்பத்தைப் பிடித்துவைக்கப் பிறந்தது. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது அடைத்த குடிலுக்குள் 45-ஐத் தாண்டிவிடும். நீங்கள் விதைத்ததும் அதே பருவம்தான். மேல்மண் மதியத்துக்குள் காய்ந்து ஓடாகிவிடும். மாலை நீர் தெளித்தால் மீண்டும் நனையும். வேர் விடத் தொடங்கிய முளைக்கு ஒருமுறை காய்ந்தால் போதும், அதோடு முடிந்தது. ஆகவே குடில் இருந்தால் பக்கவாட்டு மறைப்புகளை முழுக்கச் சுருட்டிவிட்டு, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மேற்கூரைப் பாலித்தீனால் ஒரே ஒரு நன்மை உண்டு: திடீர் மழையின் பெருந்துளி விழுந்து விதையை மூலைக்கு அடித்துக்கொண்டு போகாது. ஐப்பசி அடைமழையில் ஒரே இரவில் பன்னிரண்டு தட்டுகளின் விதை வழிந்து தரையில் போய் முளைத்ததைப் பார்த்த பிறகே நான் கூரை போட்டேன்.

இனி, எந்தக் கோரை என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் கோரை என்ற சொல் மிக விரிவானது. பாய் முடைவதும் கோரை, வயலில் களையாக வருவதும் கோரை, கரையில் ஆளுயரம் நிற்பதும் கோரை. சிலர் சம்பையும் கோரை என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வேறு குடும்பம். சங்கப் பாடல்களில் சிறுமிகள் பாவை செய்து விளையாடிய பஞ்சாய் இந்தக் குடும்பத்துச் செடிதான் என்பதை நினைத்தால், இன்று நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. புல்லிலிருந்து பிரித்தறிய விரலே போதும். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினால் கோரைத் தண்டு மூன்று முனைகளாகத் தட்டும். புல்லின் தண்டு உருண்டோடும், இடையில் கணுவும் இருக்கும். கோரையின் இலைகள் மேலிருந்து பார்த்தால் மூன்று வரிசையில் சுற்றி நிற்கும். புல்லுக்கு இரண்டே வரிசை. எலியோகாரிஸ் போன்ற சிலவற்றில் தண்டு உருண்டையாக, இலையே இல்லாததுபோல் இருக்கும், அவை விதிவிலக்கு. நிச்சயமாக அடையாளம் காண வேண்டும் என்றால் பூங்கதிரோடும் வேரோடும் ஒரு செடியைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, தாவரவியல் துறையுள்ள கல்லூரிக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரச் சேகரிப்பகத்துக்கோ எடுத்துச் செல்லலாம்.

எதை வளர்ப்பது என்பதற்கு முன் எதை வளர்க்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு, நாட்டுச் செடிதான், மருந்துக்கும் ஆகும். ஆனால் உலகின் மிக மோசமான களைகளின் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறார்கள். அதன் பரவல் பெரும்பாலும் கிழங்கால்தான். விதை அரிதாகவே முளைக்கும். வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் நெல்வயலின் ஒருபருவக் களைகள். அவற்றை நர்சரியில் பெருக்கிக் கண்மாய்க்குக் கொண்டுபோனால் மடை வழியாக விதை ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய்ப் பாசன வயல்களுக்குள், இறங்கும், பிறகு விவசாயிகள் உங்களை ஊருக்குள் விடமாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமாகவும் இருக்கும். நமக்கு வேண்டியவை கரையில் நிலைத்து நின்று, வேர்த்தண்டாலோ தூராலோ மண்ணைப் பிடிக்கும் பல்லாண்டு வகைகள். ஆளுயரம் வளரும் சைப்பெரஸ் எக்ஸால்டேட்டஸ், பாய்க்கோரையான சைப்பெரஸ் பாங்கோரை, ஆழமான ஓரத்துக்கு எலியோகாரிஸ் டல்சிஸ் ஆகிய மூன்றிலிருந்து தொடங்குவது நல்லது. மேலும் ஒரு எச்சரிக்கை. நாட்டுக் கோரை என்று சொல்லி ஒரு நர்சரியில் 200 நாற்று வாங்கினேன். மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் இலைகள் குடைக்கம்பி போல விரிந்தன. ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து அழகுச்செடியாக வந்த குடைக்கோரை அது. கழிவுநீர்த் தொட்டிகளில் அதற்கு ஒரு பயன் உண்டு, கண்மாயில் அதற்கு வேலையில்லை. சொந்தமாக விதை எடுக்கும் பிடிவாதம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

விதை எடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது, ஆகவே இதைச் சற்று நின்று சொல்கிறேன். சைப்பெரஸ் வகைகளில் சிறுகதிரின் அடிப்பகுதி முதலில் முற்றி உதிரும், நுனி அப்போதும் பச்சையாகவே இருக்கும். முழுக் கதிரும் பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் நல்ல விதை தரையில் விழுந்து, சாவி, அதாவது உள்ளே மாவில்லாத பதர், மட்டும் கையில் மிஞ்சும். கதிரின் அடியில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து ஒரு தட்டுத் தட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு மணிகள் உதிர்ந்தால் அன்றுதான் எடுக்க வேண்டிய நாள். பிறகு ஒரு சிறுகதிரைக் கையில் வைத்துத் தேய்த்து மெல்ல ஊதினால் வைக்கோல் நிறச் செதில்கள் பறந்துவிடும். ரேகைகளுக்கு நடுவே மூன்று பட்டையுள்ள, பழுப்பு நிற மணிகள் தங்கும். அவற்றில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து இன்னொரு நகத்தால் நசுக்குங்கள். வெண்மாவு பிதுங்கினால் விதை. ஓசையின்றித் தட்டையானால் சாவி. இருபது மணிகளை இப்படிச் சோதித்து, பத்துக்கும் குறைவாக மாவு இருந்தால் அந்தக் கதிரை அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் போவேன். உங்கள் விதையில் எவ்வளவு சாவி இருந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. மீதி விதை இருந்தால் இந்தச் சோதனையை இன்றே செய்துபாருங்கள்.

ஒரே தூரிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். வேர்த்தண்டால் பரவும் வகையில் பத்தடி அகலத்துப் புதர் முழுவதுமே ஒரே செடியாக இருக்கக்கூடும். கண்மாயின் நாலு பக்கமும் நடந்து, குறைந்தது ஐம்பது தூர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எந்தத் தூரிலும் ஐந்தில் நாலு பங்கைப் பறவைக்கும் மண்ணுக்கும் விட்டுவிட வேண்டும். பக்கத்துக் கண்மாய்களின் விதை போதும். தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. அரிட்டாபட்டி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது என்றாலும், 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே அனுமதியின்றி ஒரு கதிரைக்கூடக் கொய்யாதீர்கள்.

கொய்த கதிரைத் துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஒரு மதியத்திலேயே புழுங்கிவிடும். நிழலில் பத்து நாள் உலர்த்தி, சல்லடையில் தேய்த்து, தேநீர் வடிகட்டியில் சலித்தால் போதும். சுளகில் புடைக்க வேண்டாம், சாவியோடு மணியும் பறந்துவிடும். கண்ணாடிப் புட்டியின் அடியில் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து வைத்து, அதன் மேல் விதைப் பொட்டலத்தை வைத்து இறுக மூடினால் ஈரம் ஏறாது. வகை, கண்மாய், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை மறைந்துவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரை அந்தப் புட்டி வீட்டுக்குள் சாதாரண அலமாரியிலேயே இருக்கட்டும். முன்பு சொன்ன உறக்கம் கலைவது அப்போதுதான் நடக்கிறது. ஆடியில் விதைத்தால் மார்கழி முடிவதற்குள் நடவுக்குத் தயாரான தூர் கிடைக்கும். தையில் கண்மாய் நீர் உள்வாங்கத் தொடங்கும்போது நடலாம்.

விதைக்கும் மண்ணைப் பற்றி என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம், கண்மாய்ச் செடிக்குக் கண்மாய் மண்தானே உகந்தது என்று வண்டலை அப்படியே தட்டுகளில் நிரப்பினேன். பத்தாம் நாள் தட்டு முழுக்கப் பச்சைப் பட்டு விரித்ததுபோல் முளைத்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நாற்பதாம் நாள் பூத்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் வட்டக்கோரையும் நெல்வயல் புல்லும். நான் விதைத்தது ஒன்றுகூட அதில் இல்லை. வண்டல் என்பது மண் மட்டுமல்ல, பல வருடத்து விதைக் கிடங்கும்கூட. இப்போது வண்டலைச் சலித்து, நனைத்து, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, சித்திரை வெயிலில் ஆறு வாரம் வேகவைக்கிறேன். அப்படியும் கோரைக்கிழங்கு தப்பிவிடும் என்பதால் சலிக்கும்போதே கிழங்கைப் பொறுக்கிவிடுவது முக்கியம். இந்த வண்டல் ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று கலக்கிறேன். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழியாமல் பயன்படுத்தாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டில் அதே கலவையை நிரப்பி, எதுவும் விதைக்காமல், மற்றத் தட்டுகளோடு வைத்துவிடுங்கள். அதில் முளைப்பதெல்லாம் களை. விதைத்த தட்டில் அதே முகம் தெரிந்தால் யோசிக்காமல் பிடுங்கலாம்.

விதைப்பதற்குக் குழித்தட்டு வேண்டாம். மூன்று அங்குல ஆழமுள்ள, அடியில் துளையிட்ட தட்டையான தட்டே வசதி. கலவையை நிரப்பி, சமன்செய்து, தட்டை நீரில் உட்காரவைத்து அடியிலிருந்து முழுக்க நனையவிடுங்கள். ஒரு கரண்டி விதைக்குப் பத்துக் கரண்டி உலர்ந்த நுண்மணல் என்று கலந்து தூவினால் சீராக விழும். இல்லையென்றால் ஒரு சிட்டிகையிலேயே நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்துவிடும். பிறகு ஒரு பலகைத் துண்டால் மேலே மெல்ல அழுத்துங்கள். விதை ஈர மண்ணைத் தொட வேண்டும், ஆனால் புதையக் கூடாது. அதன் மேல் எதையும் போடாதீர்கள்.

நீர் இனி அடியிலிருந்துதான் ஏற வேண்டும். செங்கல்லை நாலு பக்கமும் ஒரே வரிசையாக அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்தால் தொட்டி ஆகிவிடும். அதில் இரண்டு சென்டிமீட்டர் நீர் நிறுத்தி, தட்டுகளை அதில் வைத்தால், மேற்பரப்பு எப்போதும் மினுமினுப்பாக இருக்கும். அந்த மினுமினுப்பு மதியம் இரண்டு மணிக்கும் இருக்கிறதா என்பதுதான் சோதனை. காலையில் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதால், அடியிலிருந்து ஏறும் நீர் மேலே ஆவியாகி வெள்ளைப் படிவை விட்டுச்செல்லும். வாரம் ஒருமுறை மழைநீரையோ நல்ல நீரையோ மிக நுண்ணிய தெளிப்பானால் மேலிருந்து பனிபோல் தெளித்து அந்த உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்து, தேய்த்து, புதிதாக நிரப்புங்கள். பச்சைப்பாசி அடங்குவது ஒரு பயன். கொசு உற்பத்தியாகாமல் தடுப்பது அதைவிடப் பெரிய பயன். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டுக்கு அருகே நர்சரி வைத்திருப்பவர்கள் இதில் சோம்பல் படவே கூடாது.

பாசி படிந்தால் சிறு முளைகள் அதற்கடியில் மூச்சுமுட்டிப் போகும். முளைக்கும் முன்பே உரமிடுவதுதான் பாசிக்கு முக்கியக் காரணம் என்பது என் அனுபவம். மூன்றாவது இலை வரும்வரை எந்த உரமும் வேண்டாம், சாணக் கரைசலும் வேண்டாம்.

சைப்பெரஸ் வகைகள் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கத் தொடங்கும். எலியோகாரிஸ், ஷீனோபிளெக்டஸ் விதைகளின் ஓடு கடினம். அவை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். ஆகவே அந்தத் தட்டுகளை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். முதல் இலை நூல்போல் இருக்கும், புல்லா கோரையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாலு இலை வந்ததும் மேலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று வரிசை தெளிவாகும். அப்போது இரண்டு ஈர்க்குச்சிகளால் மூன்று நாலு நாற்றைச் சேர்த்து மண்ணோடு நெம்பி எடுத்து, குழித்தட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் குழித்தட்டுகளுக்கு வேலை வருவது இந்தக் கட்டத்தில்தான். ஒற்றை நாற்றாக நட்டால் தூர்கட்ட நாளாகும், கூட்டமாக நட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பத்து நாள் கழித்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் மட்டும் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கார்த்திகையில் நிழல்வலையை நீக்கி, தொட்டி நீரை ஒருநாள் ஏற்றி இரண்டுநாள் இறக்கி, நாற்றைக் கண்மாயின் சுபாவத்துக்குப் பழக்குங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் வேர்த்தண்டைப் பிளந்து நடக்கூடாதா என்று யாராவது கேட்பார்கள். கரூர்ப் பக்கத்தில் பாய்க்கோரை பயிரிடுவோர் வேர்த்தண்டைத்தான் நடுகிறார்கள். பாய்க்கு ஒரே உயரம், ஒரே பருமன் வேண்டும் என்பதால் அவர்களுக்கு அது சரியான வழி. கண்மாய்க்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. ஒரு வருடம் நிரம்பி வழிந்து, இரண்டு வருடம் வெடித்துக் கிடக்கும் கண்மாயில், எல்லாச் செடியும் ஒரே செடியின் நகலாக இருந்தால், ஒன்று சாகும்போது எல்லாமே சாகும். மேலும், வேர்த்தண்டு எடுக்க இன்னொரு கண்மாயின் கரையைத்தான் தோண்ட வேண்டியிருக்கும். எனினும் விதை போதாத வகைக்கு, பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து நர்சரியில் பெருக்குவதில் தவறில்லை. பாய்க்கோரைக்கு நானே அப்படித்தான் செய்கிறேன்.

நடவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மேலூர்ப் பகுதிக் கண்மாய்களில் பல பெரியாறு பிரதானக் கால்வாயின் தண்ணீரை நம்பியவை. தண்ணீர் திறப்பைப் பொறுத்து நீர்மட்டம் இறங்கும் காலமும் மாறும். ஆகவே காலண்டரைப் பார்க்காமல் மடையைப் பார்த்து நடுங்கள். நீர்விளிம்பின் ஈரச்சேற்றில் ஒரு முழம் இடைவெளியில், இலையைச் சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு நட்டால், நீர் உள்வாங்க உள்வாங்க வேர் அதைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கும். மழைக்கு முன் நட்டால் நாற்று மூழ்கிவிடும். இலைநுனி நீருக்கு மேல் இல்லாத இளங்கோரை அதிக நாள் தாங்காது. எலியோகாரிஸ் மட்டும் முழங்கால் அளவு நீருக்குள்ளும் போகலாம். தூர்வாரும்போது கரையோரத்தைச் சுவர்போல் செங்குத்தாக வெட்டியிருந்தால் அங்கே எந்தக் கோரையும் நிற்காது. சரிவுள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆடும் எருமையும் முதல் மூன்று மாதம் வராமல் இருக்க, சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்துவிடலாம். அந்த மரத்தால் நமக்கு ஒரு நன்மையாவது இருக்கட்டும்.

முன்கூட்டியே பேச வேண்டியவர்களிடம் பேசிவிடுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் குத்தகை எடுத்தவரிடமும் பேச வேண்டும், வலை வீசும் பக்கத்தை விட்டுவிட்டு நடுவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். மடைக்கும், உபரிநீர் வழியும் கலுங்குக்கும் இருபுறமும் இருபது அடிக்குள் எதையும் நடாதீர்கள், பின்னால் அடைப்புக்கு உங்களைத்தான் கேட்பார்கள்.

இப்போது கையில் இருக்கும் முப்பது தட்டுகளுக்கு வருகிறேன். எதையும் கொட்டாதீர்கள். நாலைந்து தட்டுகளை மட்டும் எடுத்து, குழிகளில் உள்ள கலவையை ஒரு தட்டையான தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, புதைந்த விதை மேலே வரும்படி கையால் அளைந்து, நீர்த்தொட்டியில் நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். மூன்று வாரத்தில் பச்சை தெரிந்தால் மீதியையும் அப்படியே செய்யுங்கள். தெரியாவிட்டாலும் மீதித் தட்டுகளை உலரவிட்டு ஆடி வரை நிழலில் வைத்திருந்து அப்போது மீண்டும் முயலுங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு புல் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, அவற்றை இன்னும் பிடுங்காமல் இருந்தால் அப்படியே விடுங்கள். நாலாவது இலை வந்ததும் நேர் மேலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு வரிசையா மூன்று வரிசையா என்று எழுதுங்கள்.